எரிந்த திரையரங்குக்குள் ஒலியும் ஒளியும் வேண்டுமா?

கொட்டாஞ்சேனைவாசி:
கொழும்பு கொம்பனித்தெருவில் உள்ள ரியோ திரையரங்கு 1965இல் திறக்கப்பட்டது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சொத்து. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில், அதை எரித்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் கொலம்போஸ்கோப் கலைவிழா அந்தக் கட்டடத்தில் கண்காட்சிகளை நடத்தியது. இப்போது, பார்வையாளர் உள்ளே நுழைந்து நடமாடும் ஒலி, ஒளி நிறுவல்களும் இத்தகைய இடங்களுக்கு வர வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். நான் கடுமையாக எதிர்க்கிறேன். கரிபிடித்த சுவரில் வண்ண ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் சுவர் வெறும் பின்னணியாகிவிடும். வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். யாருடைய சொத்து, ஏன் எரிந்தது என்பது அந்தப் படத்தில் இருக்காது.

வெள்ளவத்தை அலை:
ஐயா, நீங்கள் அஞ்சுவது ஒரு வகைக் காட்சியைத்தான். பாரிஸில் பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்றை 2018இல் அத்தெலியே தே லுமியேர் என்ற பெயரில் திறந்தார்கள். வான்கோவின் ஓவியங்களைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கி இசையோடு ஓடவிட்டார்கள். அதில் ஓவியத்தின் அளவும் வண்ணப்பூச்சின் தடிப்பும் தொலைந்துபோகின்றன. அதை நானும் ஏற்கவில்லை.

ஆனால் ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் செய்தது வேறு. அரைவட்டமாக விளக்குகள், மெல்லிய புகைமூட்டம், கூரையில் கண்ணாடி. கூரையில் தெரிந்த பாதி வட்டம் சேர்ந்து முழுச் சூரியன் ஆனது. அந்த விளக்குகள் ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் மஞ்சள் ஒளியை மட்டுமே தந்ததால், சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் நிறம் இழந்து மஞ்சளும் கறுப்புமாகவே தெரிந்தன. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் தங்கள் உருவத்தைத் தேடினார்கள். இதையும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியுமா?

கொட்டாஞ்சேனைவாசி:
அந்த லண்டன் மண்டபம் முன்பு மின்நிலையம், தங்கச்சி. மின்நிலையம் மூடப்பட்டது, ரியோ எரிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பொரளை மாணவி:
வெளிநாட்டு உதாரணம் எதற்கு? பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் கொழும்பில் எழும் பெரிய தோரணப் பந்தல்களில் வரிசை வரிசையாக மின்குமிழ்கள் ஓடுகின்றன, ஒலிபெருக்கியில் புத்தரின் முற்பிறப்பைச் சொல்லும் ஜாதகக் கதை வருகிறது, மக்கள் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறார்கள். ஒலியும் ஒளியும் இந்த ஊருக்குப் புதிது அல்ல. அதனால்தான் எனக்கும் ரியோவில் அது வேண்டாம் என்று தோன்றுகிறது. திருவிழா வெளிச்சத்துக்குப் பழகிய கண் அங்கேயும் திருவிழாவைத்தான் பார்க்கும். இன்னொன்று: 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவித்த நாடு இது.

ஒலிப்பதிவாளன்:
ஒளியை ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் எடுங்கள். மின்சாரமும் மிகக் குறைவாகவே போகும். ஜானட் கார்டிஃப் என்ற கலைஞர் 2001இல் செய்த படைப்பில் 40 ஒலிபெருக்கிகள் நீள்வட்டமாக நிற்கின்றன. அவற்றில் ஒலிப்பது, இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் 16ஆம் நூற்றாண்டில் 40 குரல்களுக்காக அமைத்த பாடல். ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரே ஒரு குரல். நடுவில் நின்றால் பெரும் பாடகர் குழு, ஒன்றின் அருகே போனால் ஒரு மனிதர். பாட்டுக்கு இடையில் அவர்கள் இருமுவதும் பேசிக்கொள்வதும்கூடக் கேட்கும்.

ரியோவில் படம் பார்த்தவர்கள், அந்தத் தெருவில் வாழ்ந்த தமிழர், சிங்களவர், மலாயர்: ஆளுக்கொரு ஒலிபெருக்கி, அவரவர் மொழியில். ஆனால் வெறும் கொங்கிரீட் மண்டபத்தில் எதிரொலி நீளும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் தவில் அடி ஒன்றோடொன்று கலப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். தவிலுக்கு அது அழகு, பேச்சுக்கு நாசம். ஆகவே சிறிய ஒலிபெருக்கிகளைக் காது உயரத்தில், தாழ்ந்த ஒலியில் வைக்க வேண்டும். கேட்க விரும்புகிறவர் நெருங்கி வரட்டும்.

கொட்டாஞ்சேனைவாசி:
தம்பி, இதுவரை சொன்னவற்றில் இது ஒன்றுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆனால் 1983இல் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தன. இதை ஒருவர் ஒலிவாங்கியின் முன் சொன்னால் அமைப்பாளர் அப்படியே விடுவாரா? அனுசரணையாளர் முகம் சுளித்தால் முதலில் வெட்டப்படுவது எந்தக் குரல்? தமிழ்க் குரல் இனிமையான பின்னணி முணுமுணுப்பாக மட்டும் எஞ்சுமானால், வண்ண ஒளியைவிட அது மோசமான அவமதிப்பு.

ஒலிப்பதிவாளன்:
சொன்னவர் கேட்டுச் சம்மதிக்காமல் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும், ஐயா. அதைத் தராதவர்களுக்கு நான் வேலை செய்ய மாட்டேன்.

வெள்ளவத்தை அலை:
ஒளியை முற்றாகத் துரத்துவதை நான் ஏற்கவில்லை. பகல் வெளிச்சம் மட்டும் போதும் என்றால், வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வருவார்கள்? சுவரைத் தொடாமல், ஒவ்வொரு ஒலிபெருக்கியின் கீழும் தரையில் ஒரு சிறு வெள்ளை விளக்கு. அதற்கும் எதிர்ப்பா?

கொட்டாஞ்சேனைவாசி:
அதற்கு இல்லை. சுவரில் ஒரு கீற்று விழுந்தாலும் எதிர்ப்பேன்.