காலுறையோடு நின்ற கணவன்: டால்ஸ்டாயின் ‘க்ரூட்சர் சொனாட்டா’ பற்றி

வைகறை:
டால்ஸ்டாய் 1889-இல் எழுதி முடித்த ‘க்ரூட்சர் சொனாட்டா’ குறுநாவலை மீண்டும் படித்தேன். படிக்காதவர்களுக்காகக் கதை: பொஸ்ட்னிஷெவ் என்பவன் மனைவியைக் குத்திக் கொன்றதை ரயிலில் சக பயணியிடம் சொல்கிறான். அவள் பியானோ வாசிப்பவள். துருகச்செவ்ஸ்கி என்ற வயலின்காரனோடு சேர்ந்து, வயலினுக்கும் பியானோவுக்குமாகப் பீத்தோவன் எழுதிய அந்தச் சொனாட்டாவை வாசித்தாள். சந்தேகம் முற்றிக் கொலையில் முடிந்தது. வஞ்சிக்கப்பட்ட கணவன் என்று நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.

என் கட்சி இதுதான்: இது கதை வேடமிட்ட பிரசங்கம். காமம் இழிவு, திருமணம் அதற்குப் போர்வை, இசை அதற்குத் தூது என்று பொஸ்ட்னிஷெவ் சொல்வதெல்லாம் டால்ஸ்டாயின் பேச்சு. 1890-இல் எழுதிய பின்னுரையில், மணவாழ்விலும் பிரம்மச்சரியமே இலட்சியம் என்று தன் பெயரிலேயே அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ‘பாத்திரம் வேறு, ஆசிரியர் வேறு’ என்பது வக்கீல் வாதம்.

கயல்:
ஐயா, நானும் ஒரு சாட்சியை அழைக்கிறேன், கதைக்குள்ளிருந்தே. சத்தம் கேட்கக் கூடாதென்று பொஸ்ட்னிஷெவ் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வளைந்த கத்தியோடு காலுறையில் நடந்துபோகிறான். வயலின்காரன் பியானோவுக்கு அடியில் புகுந்து தப்புகிறான். துரத்தப் போனவன் நின்றுவிடுகிறான். எதற்காக? மனைவியின் காதலனைக் காலுறையோடு துரத்தினால் கேலிக்கூத்தாகிவிடுமாம்! பயங்கரமானவனாகத் தெரிய வேண்டுமே என்று கத்தியும் கையுமாக நிற்கும்போதும் கணக்குப் பார்க்கிறான். தன் கொள்கையைச் சொல்ல மட்டும் ஒருவனைப் படைத்தவர் அந்தக் காலுறையை எழுதியிருப்பாரா?

வைகறை:
காலுறை பெரிய கலைஞனின் கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் ரஷ்யா கேட்டது பிரசங்கத்தைத்தான். தணிக்கை தடுத்தும் கைப்பிரதிகளாகப் பரவியது. டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவை நினைத்துப் பாருங்கள் அம்மா. 13 பிள்ளைகள் பெற்றவர். கடைக்குட்டி வான்யா 1888-இல் பிறந்தான். மறு ஆண்டே கணவர் இப்படி எழுதுகிறார். படித்தவர்களெல்லாம் சோஃபியாவை அல்லவா பார்த்தார்கள்!

நெடுவழி:
அந்தச் சோஃபியாதான் 1891-இல் பீட்டர்ஸ்பர்க் போய் மூன்றாம் அலெக்சாண்டர் மன்னரை நேரில் சந்தித்து, நூல் தொகுதியில் இந்தக் கதையைச் சேர்க்க அனுமதி வாங்கினார். பிறகு ‘யார் குற்றம்?’ என்று பதில் குறுநாவலும் எழுதினார். அதில் மனைவிக்கு நோயாளியான ஓவியர் ஒருவரோடு தூய நட்பு. கணவன் பொறாமையில் பளிங்குக் காகிதக்கல்லை வீசிக் கொன்றுவிடுகிறான். அது அச்சேறியது 1994-இல்! நூறு ஆண்டுகள் ஒருதரப்பு வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமர்சனம் செய்திருக்கிறோம். என்னை வாட்டுவது அதுதான்.

யாழ்நேசன்:
நான் வயலின் வாசிப்பவன். எல்லோரும் இசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். அவர்கள் வாசித்த இரவில் பொஸ்ட்னிஷெவுக்குப் பொறாமையே இல்லை. மனம் லேசாக, மகிழ்ச்சியாக இருந்தது என்று அவனே சொல்கிறான். ஊருக்குப் போன இடத்தில் மனைவியின் கடிதம் வருகிறது: துருகச்செவ்ஸ்கி வந்தார், இசைத்தாள்கள் தந்தார், மறுபடி வாசிக்கலாமா என்றார், நான் மறுத்துவிட்டேன். மறுத்துவிட்டேன் என்று எழுதிய கடிதம்! அதைப் படித்துத்தான் பற்றி எரிகிறான். திரும்பி வரும் ரயிலில் எட்டு மணி நேரம் தனக்குத்தானே ஊதி ஊதி வளர்க்கிறான்.

சொனாட்டாவைக் கேட்டுப் பாருங்கள். வயலின் தனியே தொடங்கும், பியானோ வேறு முகத்தோடு பதில் சொல்லும். இரண்டும் சரிசமம், ஒன்று மற்றொன்றுக்குப் பக்கவாத்தியம் அல்ல. பொஸ்ட்னிஷெவோ, தனியாக இருக்கும்போது மனைவியோடு பேசுவதே மலைமேல் கல் உருட்டும் வேலை என்று முன்பே புலம்பியவன். தன் வீட்டில் ஒருநாளும் நடக்காத உரையாடல் வேறொருவனோடு நடந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இசையமைப்பாளர் யானாச்செக் 1923-இல் இந்தக் கதையை வைத்து ஒரு நால்வர் தந்தியிசை எழுதினார், முழுக்க அந்தப் பெண்ணின் பக்கம் நின்று.

வைகறை:
அந்தக் கடிதத்தை நான் கவனமாகப் படிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 1895-இல் வான்யா இறந்தான். அந்தத் துக்கத்தில் சோஃபியா இசையமைப்பாளர் தனேயெவின் பியானோவில் ஆறுதல் தேடினார். டால்ஸ்டாய் பொறாமையில் வெந்தார். பொஸ்ட்னிஷெவை விட்டு விலகி நின்று எழுதியவர் என்றால், ஆறே ஆண்டில் அவனைப் போலவே நடந்துகொள்வாரா?

கயல்:
நடந்துகொண்டார்தான், அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில், சாகக் கிடக்கும் மனைவியின் கன்றி வீங்கிய முகத்தைப் பார்த்து, என் உரிமையையும் கர்வத்தையும் மறந்து முதன்முறையாக அவளிடம் ஒரு மனிதப் பிறவியைக் கண்டேன் என்கிறானே, அதுவரை பேசிய அத்தனை கொள்கைக்கும் அங்கே இடமில்லையே. ஐந்து பிள்ளைகள் பெற்ற பிறகு, குத்திய பிறகு, முதன்முறையாக! அந்த வரியை எழுதியவரும் டால்ஸ்டாய்தான் ஐயா. அதைப் பின்னுரையின் எந்தப் பக்கத்தில் பொருத்துவீர்கள்?