அப்பாவின் ஹெர்குலிஸ், சின்னம்மாவின் தோசை வண்டி

நாங்கள் மியான்மரில் யாங்கோனுக்குப் பக்கத்தில் இருக்கும் தன்லின்காரர்கள். சின்னம்மா காலையில் தோசை சுட்டு விற்கிறார். அடுப்பு, கரி, மாவுத்தூக்கு, சாம்பார்ப் பானை எல்லாவற்றையும் வாடகை சைக்காவில், அதாவது பக்கத்தில் ஒரு சக்கரமும் இருக்கையும் பூட்டிய சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏற்றிப் போய்க் கட்டுப்படி ஆகவில்லை. வீட்டில் அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் சும்மா கிடந்தது. அதையே பெட்டி வைத்த சைக்காவாக மாற்றலாம் என்று முடிவானது. வழக்கமான சைக்காவில் ஆட்கள் முதுகோடு முதுகாக உட்காரும் இடத்தில் எங்களுக்குப் பெட்டி, அவ்வளவுதான்.

முதலில் போன பட்டறையில் கரண்டு வெல்டிங்கில் பெட்டியின் தாங்கியை நேரே சைக்கிள் பிரேமில் ஒட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே குழாயில் கீறல் விட்டது. அப்புறம்தான் ஒரு பர்மியப் பெரியவரிடம் போனோம். காலமெல்லாம் சைக்கா கட்டியவர். சயா (பர்மியர் ஆசானை அழைக்கும் சொல்) கீறலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது பித்தளை உருக்கி இணைத்த பிரேம், தம்பி. குழாய் மெல்லிசு. இதில் வெல்டிங் வைத்தால் சூட்டில் வெந்து பலம் போய்விடும்."

கீறலைக் கேஸ் நெருப்பில் பித்தளை வைத்தே அடைத்தார். பக்கவண்டியை ஒட்டவே இல்லை. சீட் குழாயிலும் பின் அச்சுப் பக்கத்திலும் கிளாம்ப் போட்டு போல்ட்டால் முடுக்கினார். கழற்றிப் பழுது பார்க்கலாம், கரண்டு போனாலும் வேலை நிற்காது. இந்த ஊரில் இரண்டாவது காரணம் சின்னதில்லை.

பின் சக்கரத்தில் செயின் ஓடும் 18 பல் பிரீவீலை எடுத்துவிட்டு 22 பல் போட்டார். முன்னால் பெடல் பக்கம் அதே 48 பல். பெடல் ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் ஓடிய வண்டி இப்போது 5 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். ஆனால் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது கால் வாழ்த்தும். பெடல் கையை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை அரம் வைத்து ராவி ராவி உட்கார வைத்ததற்கே அரைநாள் போயிற்று.

நேரம் அதிகம் பிடித்தது பக்கச் சக்கரம். அதன் முன்பக்கம் சைக்கிளை நோக்கி ஒரு துளி உள்ளே திரும்பியிருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வண்டி ஓயாமல் வலப்பக்கம் இழுக்கும். நூல் பிடித்துப் பார்ப்பார், ஓட்டிப் பார்க்கச் சொல்வார், மறுபடி போல்ட்டைத் தளர்த்துவார். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதைக் கைதான் பழக வேண்டும். மழைக்காலத்தில் கம்பி பிரேக் ஈர ரிம்மில் வழுக்கும் என்பதால் பிரேக் கட்டையையும் புதிதாகப் போட்டோம்.

பாரம் ஏற்றிப் போகும்போது பயமில்லை. விற்று முடித்துக் காலிப் பெட்டியோடு வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால்தான் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். 1970இலிருந்து இங்கே போக்குவரத்து வலப்பக்கம், பெட்டியும் அந்தப் பக்கம்தான். பெட்டிக்குள் ஒரு கல்லைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் சயா. கல்லைச் சுமக்க நானென்ன கொத்தனாரா என்று சின்னம்மா கேட்டுவிட்டார். அரிசி, உளுந்து, கரி எல்லாம் இப்போது திரும்பி வரும்போதுதான் வாங்குகிறார்.