குன்னூர் பாத்திக்கு எவ்வளவு சுண்ணாம்புக்கல் தூள்?

மலைத்தோட்டம்:
முன்பு தேயிலை இருந்த இடத்தில் பத்துக்குப் பத்தடிப் பாத்தி. பீட்ரூட் கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை. மண் பரிசோதனையில் பிஎச் 4.9, அதாவது மண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) அதிகம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா?

கேத்திக்காரன்:
அது வேண்டாங்க, நீற்றிய சுண்ணாம்பு வேரைச் சுட்டுவிடும். உரக்கடையில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் கேளுங்கள். கால்சியத்தோடு மெக்னீசியமும் கிடைக்கும். மாவு போல நைசாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் கரைய வருஷக்கணக்காகும். முதல் தடவைக்கு இரண்டு கிலோ போதும். காற்றில்லாத காலையில் தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கிளறுங்கள். மேலே வெள்ளையாக விட்டுவைத்தால் வேருக்கு எட்டாது. மண் ஈரமாக இருக்கட்டும். யூரியா, பச்சைச் சாணம் இரண்டையும் அதே நேரத்தில் போட்டுவிடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து விதையுங்கள்.

மலைத்தோட்டம்:
சரிங்க. பக்கத்தில் உருளைக்கிழங்கு, கோஸ் போடப் போகிறேன். அங்கேயும் தூவலாமா?

கேத்திக்காரன்:
உருளைக்கு வேண்டாம், தோலில் சொறி பிடிக்கும். கோஸுக்கு அவசியம் போடுங்கள். வேர் வீங்கிச் செடி வாடும் நோய் குறையும்.

பூச்செடிப் பிரியை:
நீல ஹைட்ரேஞ்சியா இருந்தால் அந்தப் பக்கம் தூள் போகாமல் பாருங்கள். புளிப்பு குறைந்தால் பூ இளஞ்சிவப்பாகிவிடும்.