புதுப்பிப்பு: கடாரப் பயணமும் என் மாயக்கதையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து கடாரத்தை (இன்றைய கெடா) களமாக வைத்து ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறேன், பள்ளி விடுமுறையில் எங்கே போகலாம், வெயில் காலத்தில் என்ன படிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பயணம் முடிவாகிவிட்டது.

சுங்கை பட்டாணி வரை ரயில், அங்கிருந்து அண்ணன் காரில் மெர்போக். ஜெராய் மலை அடிவாரத்து அருங்காட்சியகத்தையும் அதை ஒட்டி நிற்கும் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தையும் முதலில் பார்க்கச் சொன்னீர்கள், அப்படியே செய்கிறேன். ஆனால் என் மனசு முழுக்க சுங்கை பத்துவில்தான். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடம் அது. உலைக்குள் காற்றை ஊதிய மண்குழாய்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. என் நாயகி உலைக்காரி, நெருப்போடு பேசுகிறவள், அவள் கையில் மந்திரக்கோலுக்குப் பதில் அந்த மண்குழாயைக் கொடுத்துவிட்டேன், கதையே மாறிப்போச்சு!

படிப்பு? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கும் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்திதான், அவன் வெற்றிகளைப் புகழும் வரிகள். 1025 படையெடுப்பைச் சொல்லும் அந்த வரிகளில் கடாரத்தோடு ஸ்ரீவிஜயம், இலங்காசோகம் என்று அவன் வென்ற இடங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. வென்றவர் பக்கம் அது. தோற்ற ஊரில் உலை ஊதியவள் பக்கத்தை நான் எழுத வேண்டும்.

எழுத்து வழக்கம்போல விடியற்காலையில், தோட்டத்து லாரிகள் கிளம்புவதற்கு முன்னால். அப்புறம், பழைய உலை வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.