பேஸ் டிராப் மாட்டியும் ஏ நோட்டு காணவில்லை, உதவி தேவை

மாடிவீட்டு_பேசிஸ்ட்: அவசரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு குறும்படத்துக்கு மிக்ஸ் கொடுக்க வேண்டும். வீடியோ பார்த்து நானே நாலு பேஸ் டிராப் (தாழ்ந்த ஒலியை உறிஞ்சுகிற பொதி) செய்து நாலு மூலையிலும் நிறுத்தினேன், 3,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது, துளி வித்தியாசம் இல்லை. பேஸ் கிடாரின் ஏ கம்பியைச் சும்மா தட்டினால் ஸ்பீக்கரில் வரவே மாட்டேன் என்கிறது, சரி என்று மிக்ஸில் அதன் சத்தத்தை ஏற்றி வைத்தால், காரில் போட்டுக் கேட்கும்போது கதவே அதிர்கிறது. இன்னும் எத்தனை டிராப் வைக்க வேண்டும்?

கல்லும்_கம்பளியும்: அறை அளவு? எதில் செய்தீர்கள், எத்தனை இஞ்ச் கனம்? நாற்காலி எங்கே? ஒன்றுமே சொல்லாமல் எத்தனை என்றால் எப்படி?

முட்டைத்தட்டு_எதிரி: எதிரொலி குறையும் என்று நம்பிச் சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறீர்களா?

மாடிவீட்டு_பேசிஸ்ட்: சாதாரண ரூம்தான் அண்ணா. ஸ்பாஞ்ச், 2 இஞ்ச், மெத்தைக் கடையில் வாங்கியது, மேலே ரெக்சின். முட்டை அட்டை பின்சுவரில் மட்டும்.

முட்டைத்தட்டு_எதிரி: தெரியும்.

ஒலிக்கூடத்தான்: தம்பி, இதே கேள்விக்குப் பத்து தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. ரெக்சின் போட்டால் காற்று உள்ளே போகாது. துணியை வாயில் வைத்து ஊதிப் பார், மறுபக்கம் காற்று வர வேண்டும். காடாத் துணி மாற்று, சரியாகிவிடும். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்லும்_கம்பளியும்: சார், ரெக்சின் திருப்பி அனுப்புவது கீச்சு ஒலியைத்தான், பேஸ் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். கோளாறு கனத்தில். ஏ கம்பியின் 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல், அதற்கு 2 இஞ்ச் ஸ்பாஞ்ச் கொசுவலை மாதிரி. ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த கம்பளி, 48 டென்சிட்டி (கன மீட்டருக்கு 48 கிலோ), 4 இஞ்சாவது, மூலையில் குறுக்காக, பின்னால் இடம் விட்டு, தரையிலிருந்து கூரை வரை. அதுவும்கூட 100 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும்.

தாளம்_தப்பாதவன்: வீட்டுக்குள் ராக்வூலா? கேன்சர் வரும் என்கிறார்கள். இலவம்பஞ்சு போதுமே.

கல்லும்_கம்பளியும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002 அறிக்கையிலேயே ராக்வூலையும் கிளாஸ்வூலையும் மூன்றாம் பிரிவுக்கு இறக்கிவிட்டது, அதாவது புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த ஆதாரம் போதாது. அரிப்பு உண்மைதான். கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு வெட்டி, துணியால் மூடிவிட்டால் முடிந்தது.

தாளம்_தப்பாதவன்: அரிப்பு வருகிற சாமான் நல்லதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒலிக்கூடத்தான்: இலவம்பஞ்சில் எலி கூடு கட்டும். பார்த்திருக்கிறேன்.

தாளம்_தப்பாதவன்: எலி வருகிற ஸ்டூடியோ நடத்தினால் வரத்தான் செய்யும்.

குழாய்_ஸ்பீக்கர்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, அறையின் நீளம் அகலம் அடியில் சொல்.

மாடிவீட்டு_பேசிஸ்ட்: 10க்கு 10, கூரையும் 10 அடி. நட்டநடுவில் உட்கார்கிறேன், அங்கேதான் சமமாகக் கேட்கும் என்று நினைத்தேன்.

குழாய்_ஸ்பீக்கர்: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! 10 அடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரு மடங்கான 6.1ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55. அந்த அலை இரண்டு சுவரிலும் மோதி நிற்கும்போது அறையின் நடுவில்தான் அமுங்கிப்போகும், அந்தக் குழியில்தான் நீ நாற்காலி போட்டிருக்கிறாய். மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றும் ஒரே இடத்தில் இடிக்கிறது, இதைவிட மோசமான அறை கிடைக்காது. இப்போது எழுந்து பின்சுவர் ஓரமாக நின்று கேள். அப்புறம் நடுவில் உட்கார்ந்து 12வது கட்டில் அதே ஏ வாசி, 110 வரும், அது தேவைக்கு மேல் குமுறும். ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்குகிற கருவி) ஏற்றினாலும் இந்தக் குழி நிரம்பாது. முன்சுவரிலிருந்து 4 அடிக்குக் கொஞ்சம் குறைவாக நாற்காலியைப் போடு. டிராப் பிறகு பார்க்கலாம்.

மாடிவீட்டு_பேசிஸ்ட்: ஐயோ, சுவரோரம்தான் அத்தனையும் இருக்கிறது!!

ஒலிக்கூடத்தான்: நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

கல்லும்_கம்பளியும்: நீங்கள் சொன்னது காடாத் துணி சார்.

மாடிவீட்டு_பேசிஸ்ட்: நகர்த்திவிட்டேன். ஏ வருகிறது. 12வது கட்டு இன்னும் கொஞ்சம் குமுறுகிறது, பரவாயில்லை. மிக்ஸ் அனுப்பியாச்சு, நன்றி அண்ணா.

முட்டைத்தட்டு_எதிரி: அந்த அட்டையைக் கழற்றினீர்களா?

முட்டைத்தட்டு_எதிரி: ஹலோ?