வேலையை விட்டுப் போனவர் சோர்ஸ் கோடையும் நோயாளிகள் தரவையும் எடுத்திருந்தால் எந்தச் சட்டம், எது முதலில்?

கிளினிக்_நிரல்

வணக்கம். நாங்கள் 9 பேர் கொண்ட நிறுவனம். கிளினிக்குகளுக்கு நோயாளிப் பதிவும் பில்லிங்கும் செய்யும் மென்பொருள் எங்களுடையது. டெவலப்பர் ஒருவர் ராஜினாமா செய்து கணக்கு முடித்துப் போன 4-ஆம் நாள், அவருடைய பழைய டோக்கனில் (பாஸ்வேர்டுக்குப் பதிலான நுழைவுச் சாவி) எங்கள் தனியார் கிட் ரெப்போ (சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரல், இருக்கும் களஞ்சியம்) முழுவதும் குளோன் ஆகியிருக்கிறது, அதாவது நகலெடுக்கப்பட்டிருக்கிறது. டோக்கனை நாங்கள் ரத்து செய்யாமல் விட்டுவிட்டோம். அதே இரவு, வேறொரு ஊழியரின் பாஸ்வேர்டில் நுழைந்து, ஒரு கிளினிக்கின் தரவுத்தளத்தை எஸ்கியூஎல் டம்ப்பாக (முழு நகல் கோப்பாக) இறக்கியிருக்கிறார்கள். சுமார் 6,000 பேரின் பெயர், கைபேசி எண், மருந்துச் சீட்டு விவரம் அதில் உண்டு. இரண்டுக்கும் ஐபி முகவரி ஒன்றுதான். இப்போது அவர் இதே மாதிரி மென்பொருளை விற்கிறார்.

போலீஸுக்குப் போவதா, நேராகக் கோர்ட்டுக்கா? கோடு எங்களுடையது என்று எதை வைத்துக் காட்டுவது? அதில் ஒரு மாட்யூலை வெளியே ஃப்ரீலான்சர் எழுதிக் கொடுத்தார். தரவு போனதற்கு எங்கள் தலையிலும் ஏதாவது விழுமா?

தடயம்63

போலீஸா கோர்ட்டா என்பது நாளைக்கு. இன்று லாகை (யார், எப்போது, என்ன செய்தார் என்று கணினி தானாக எழுதும் பதிவு) காப்பாற்றுங்கள். உங்கள் ரெப்போ இருப்பது கிட்ஹப் தளத்தின் நிறுவனக் கணக்கில் என்றால், தணிக்கைப் பதிவு 180 நாள் இருக்கும். ஆனால் குளோன், ஃபெட்ச், புஷ் போன்ற கிட் நிகழ்வுகள் 7 நாள்தான். எட்டாம் நாள் போய்த் தேடினால் உங்களுடைய முக்கியமான வரியே அங்கே இருக்காது. தரவுத்தள சர்வர், விபிஎன், ஃபயர்வால் லாக்குகளையும் இப்போதே ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள மதிப்பு) எடுத்து எழுதி வையுங்கள். எடுத்தவர் யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

அவர் திருப்பிக் கொடுத்த லேப்டாப்பை யாரும் ஆன் செய்ய வேண்டாம். பல இடங்களில் அதை ஃபார்மேட் செய்து அடுத்து வந்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதோடு வழக்கில் பாதி போய்விடுகிறது. ரைட் பிளாக்கர் (வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) போட்டு இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63(4) பிரிவில் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் இருப்பது இதுதான். இதில் பகுதி ஏ, பகுதி பி என்று இரண்டு உண்டு. முதலாவதில் பதிவை வைத்திருப்பவரும் இரண்டாவதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் படிவமே கேட்கிறது. மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இலேயே அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லிவிட்டது.

நேரக் கணக்கையும் பாருங்கள். லாக்கில் யூடிசி (உலகப் பொது நேரம்) 20:10 என்று இருந்தால் நம் நேரத்துக்கு மறுநாள் அதிகாலை 1:40. புகாரில் ஒரு தேதி, லாக்கில் இன்னொரு தேதி என்று வந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாயிற்றா? 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சிறிய நிறுவனம் என்று விலக்கு கிடையாது. நேரம் கடந்திருந்தாலும் இன்றைக்காவது அனுப்புங்கள்.

பிரிவு_வாசகர்

சட்டத்தைப் பொறுத்தவரை இது ஒரே குற்றமல்ல. நுழைந்தது தனி, கோடு தனி, நோயாளி தரவு தனி. புகாரில் மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதினால் இன்ஸ்பெக்டருக்கு எதுவும் விளங்காது.

நுழைந்ததற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. உரிமையாளர் அனுமதியின்றி நுழைவது 43(ஏ), தரவை இறக்குவதும் நகலெடுப்பதும் 43(பி). அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கு 66சி தனியாக வரும். “டோக்கன் வேலை செய்ததே, அப்படியென்றால் அனுமதி இருந்தது” என்று வாதிடுவார்கள். கதவு பூட்டாமல் கிடந்தது அனுமதி ஆகாது. ஆனாலும் அனுமதி எந்தத் தேதியோடு முடிந்தது என்று காட்ட ரிலீவிங் லெட்டரைக் கட்டாயம் இணையுங்கள்.

65-ஆம் பிரிவைப் போடாதீர்கள். தலைப்பில் சோர்ஸ் என்று இருப்பதால் பலர் சேர்த்துவிடுகிறார்கள். எந்தச் சோர்ஸ் கோடைப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறதோ, அதை அழிப்பதற்கும் மாற்றுவதற்குமான பிரிவு அது. உங்கள் கோடு அந்த வகையில் வராது. தவறான பிரிவு ஒன்று உள்ளே இருந்தால், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு அதுவே வழி திறந்துவிடும்.

இந்தச் சட்டத்துக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர்தான் விசாரிக்க முடியும் என்கிறது 78-ஆம் பிரிவு. ஆகவே மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குப் போங்கள். ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கும் சந்தாதாரர் யார் என்பதை நீங்கள் கேட்டால் இணைய நிறுவனம் தராது, போலீஸ் கேட்டால் தரும். எஃப்.ஐ.ஆர் போடுவதில் உங்களுக்கு உண்மையான லாபம் அதுதான். மற்றபடி 66 ஜாமீனில் விடத்தக்க குற்றம். கைது நடந்து விற்பனை நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விற்பனையை நிறுத்த பதிப்புரிமை வழக்குதான். வணிக நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும், முன்னறிவிப்பின்றி அவர் கணினியை இமேஜ் எடுக்க வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இருப்பதால் உங்கள் தொழில் நடக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். தள்ளிப்போட மட்டும் வேண்டாம். அவசரம் என்று காட்டினால்தான் வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சிலிருந்து விலக்கு. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்றால் யார் ஏற்பார்கள்?

இழப்பீடு வேண்டுமென்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு மீறலுக்கு 5 கோடி ரூபாய் வரை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் கேட்கலாம். 46-ஆம் பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரி அவர்தான். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

பத்துப்பக்கம்

பதிப்புரிமை பற்றி மட்டும் சொல்கிறேன். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய கோடு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி)-படி நிறுவனத்துடையது; வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. பணம் முழுவதையும் கொடுத்திருந்தாலும், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் இல்லையென்றால் அந்த மாட்யூல் இன்னும் அவருடையதுதான்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் இடைக்கால மனுவில் கைகொடுக்கும். படிவம் 14, கட்டணம் 500 ரூபாய். 2021 திருத்தத்துக்குப் பிறகு சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் போதும்; மொத்தமே 20 பக்கத்துக்குள் என்றால் முழுவதையும் கொடுக்க வேண்டும். எதையும் கறுப்படித்து மறைக்கக் கூடாது. ஆகவே அந்தப் பக்கங்களில் ஏபிஐ கீ (வேறு சேவைகளில் நுழையும் ரகசியச் சாவி), பாஸ்வேர்டு எதுவும் இல்லையா என்று முன்பே பாருங்கள். அவர் குளோன் செய்த கமிட்டில் (கிட்டில் சேமித்த ஒரு நிலை) இருந்த பதிப்பையே பதியுங்கள், அதற்குப் பிறகு திருத்தியதை அல்ல.

திரை ஒன்றுபோல் இருக்கிறது, பில் ஒன்றுபோல் வருகிறது என்று வாதிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதற்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய விதத்துக்குத்தான். உங்கள் கமென்ட்டில் இருக்கும் எழுத்துப்பிழை அவருடையதிலும் இருக்கிறதா? யாரும் அழைக்காமல் கிடக்கும் பழைய ஃபங்ஷன்? தவறாகப் பெயரிட்ட டேபிள் நெடுவரிசை? நகலெடுத்தவன் கையும் களவுமாகப் பிடிபடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். இன்னொன்று: ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வந்த, பிறர் எழுதிய கோடு உள்ளே கலந்திருந்தால், அந்தப் பகுதியை உங்களுடையது என்று மனுவில் எழுதாதீர்கள்.

தரவுக்காவல்

உங்கள் மூன்றாவது கேள்விக்கு: ஆம், உங்களுக்கும் பொறுப்பு வரும். இப்போது நடப்பில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் (மேலே சொன்ன 43(ஏ) அல்ல, இது தனிப் பிரிவு) 2011 விதிகளும். மருத்துவப் பதிவும் பாஸ்வேர்டும் அதில் நுண்ணுணர்வுத் தரவு. பாதுகாப்பில் அலட்சியம் இருந்து ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால் இழப்பீடு கேட்கலாம், அலட்சியத்துக்கு உங்கள் ரத்தாகாத டோக்கனையே காட்டுவார்கள். இதற்காக லாகை மறைக்கவோ தேதியை மாற்றவோ நினைக்க வேண்டாம். அதே லாக்தான் உங்கள் சாட்சியமும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலாகும். அப்போது 43ஏ நீங்கும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், கசிவை அறிவிக்கத் தவறினால் 200 கோடி வரை. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவலும் 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் பார்வையில் தரவுப் பொறுப்பாளர் கிளினிக், நீங்கள் அவருக்காகக் கையாளுபவர்.

அதனால் இன்றே கிளினிக் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: எந்த டேபிள்கள், எத்தனை பேர், எந்த நேரம், நீங்கள் மூடியது என்ன. நோயாளிகளுக்கு நீங்கள் நேரடியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். அவர்கள் நம்பிக் கொடுத்தது மருத்துவரிடம். மருந்துச் சீட்டு வெளியே போய்விட்டது என்பதை முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடமிருந்து கேட்பது கொடுமை.

கிளினிக்_நிரல்

அனைவருக்கும் நன்றி. செர்ட்-இன் அறிவிப்பு போய்விட்டது, லேப்டாப்பை உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டோம். ஃப்ரீலான்சரிடமிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது: “பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று. அவர் கையெழுத்துப் போடத் தயார். பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

பத்துப்பக்கம்

மாட்யூலின் பெயர், கமிட் எண், தொகை. பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை மனதில் வைத்து எழுதுங்கள். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். “பதிப்புரிமைக் காலம் முழுவதும்” என்று போடுங்கள். எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவோடு நின்றுவிடும். “உலகம் முழுவதும்” என்று போடுங்கள். ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை திரும்பிப் போய்விடும் என்ற 19(4) பொருந்தாது என்றும் ஒரு வரி வேண்டும். ஏற்கெனவே நடந்த மீறலுக்கு வழக்குத் தொடரும் உரிமையும் சேர்ந்து மாற்றப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதுங்கள். அது இல்லாவிட்டால் இந்தக் குளோனுக்கு அந்த மாட்யூல் உதவாது.

தேதி, கையெழுத்திடும் நாளையே போடுங்கள். பழைய தேதி போட்டால், கோப்பின் மெட்டாடேட்டாவை (எப்போது உருவானது போன்ற உள்விவரம்) ஒரு முறை திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.