ஸ்டாண்டர்டு 2000: பழைய இன்ஜினையே பிரிக்கலாமா, டீசல் போட்டுவிடலாமா?

பெருங்களத்தூர்க்காரன்:

வணக்கம். போன மாதம் 1986ஆம் வருட ஸ்டாண்டர்டு 2000 கார் ஒன்று வாங்கினேன். மதுராந்தகம் பக்கம் ஒரு மாந்தோப்பில், ஓலைக் கொட்டகைக்குள் பதினோரு வருடமாக நின்றிருந்தது. சொந்தக்காரர் இறந்துவிட்டார். மகன்கள் எடைக்குப் போடத் தயாராக இருந்த நேரத்தில் தகவல் கிடைத்து ஓடினேன். ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. டிஎன் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்.

எத்தனையோ பழைய கார் இருக்க இதை ஏன் தேடினேன் என்றால், நான் வளர்ந்தது பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஃபேக்டரி எங்களுக்கு நடக்கிற தூரம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் அங்கே வேலை பார்த்தார்கள். 1988இல் கார் தயாரிப்பு நின்றபோது நான் ஏழாம் வகுப்பு. பெயின்ட் ஷாப்பில் இருந்த பக்கத்து வீட்டு மாமா அதற்கப்புறம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். யார் வீட்டு வாசலில் 2000 நின்றாலும் பானட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இப்போது காரின் நிலைமை. இன்ஜின் ஜாம். டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறத்தில் பிசுக்கு வருகிறது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் உள்ளே போகிறது. டிக்கி கதவின் கீழ் விளிம்பு கையோடு வருகிறது. கண்ணாடிகள் அத்தனையும் முழுசு. சீட்டும் டாஷ்போர்டும் பரவாயில்லை.

எங்கள் மெக்கானிக், "இதுக்கு ஸ்பேரே கிடையாது சார், அம்பாசடர்ல வந்த இசுசு டீசலைப் போட்டுடுவோம், ஒரே மாசம்" என்கிறார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த இன்ஜினை இங்கே யாராவது பிரித்திருக்கிறீர்களா? எதில் கை வைத்துத் தொடங்குவது?

நாலு சிலிண்டர்:

தம்பி, டீசல் வேண்டாம். இந்தக் காரில் திரும்ப எழுப்ப ரொம்பச் சுலபமான பாகமே அந்த இன்ஜின்தான். நான் ஒன்பது வருடமாக ஒரு 1985 வைத்திருக்கிறேன். இரண்டு முறை பிரித்துப் பூட்டிவிட்டேன்.

மேலே இருக்கும் உடம்பு ரோவர் எஸ்டி1. இங்கிலாந்தில் 1976இல் வந்தது, டேவிட் பாச் தலைமையில் வடிவமைத்தது, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கியது. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 வரை போட்டார்கள். நம் ஊரில் உள்ளே உட்கார்ந்தது 1940களில் ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்காகப் பிறந்த இன்ஜின். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் குறை சொன்னார்கள். இன்றைக்கு நமக்கு அதுவே வரம். இதே குடும்பத்து இன்ஜின்தான் பெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது. டிரையம்ப் டிஆர்2, டிஆர்3 ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடியது. டிஆர்3க்கு 83 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 92 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). நாலு சிலிண்டருக்கும் கொள்ளளவு கணக்குப் போட்டால் 1991 சிசி. உங்கள் காரின் கணக்கும் அதேதான். அந்த டிரையம்ப் கார்களை உலகம் முழுக்க வைத்துக் கொண்டாடுவதால் ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்க வரி கட்டி வாங்கலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். பழைய பாகத்தை வெர்னியரில் அளந்து, அளவை எழுதி அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகு பணம் கட்டுங்கள்.

பால் காபிக்குக் காரணம் அநேகமாக லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) அடியில் இருக்கும். இது வெட் லைனர் இன்ஜின். நாலு லைனரும் இன்ஜினின் பெரிய வார்ப்பான ப்ளாக்குக்குள் தனித்தனிக் குவளை மாதிரி நிற்கும், சுற்றிலும் தண்ணீர். அடியில் இரண்டு லைனருக்கு ஒன்று வீதம் எட்டு வடிவத்தில் மெல்லிய கேஸ்கெட் இருக்கும். தண்ணீரை சம்ப்புக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்காமல் தடுப்பது அது ஒன்றுதான். கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டி, அப்படியே நிறுத்திவிட்டால், ப்ளாக்கில் லைனர் உட்காரும் விளிம்புப்படி அரித்துப்போகும். எனக்கும் இதேதான் ஆனது. மெக்கானிக் பிளாக் உடைந்துவிட்டது என்று சொன்னார், உடையவே இல்லை.

முதலில் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் டீசல் ஊற்றி இரண்டு வாரம் விடுங்கள். கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். சம்ப் ஆயிலை வடித்துவிடுங்கள். ஹெட்டை (ப்ளாக்கின் மேல்மூடி) தூக்கியதும் நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீர் பாதை. என் காரில் நாலாவது சிலிண்டரைச் சுற்றி வண்டல் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. சைக்கிள் ஸ்போக்கை வளைத்து மூன்று சாயங்காலம் தோண்டினேன். ஒரு சின்ன டப்பா நிறைய வந்தது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதிதாகப் போட்டாலும் நாலாவது சிலிண்டர் கொதிக்கத்தான் செய்யும்.

இனி எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லைனர் உட்காரும் படியில் துருவோ பழைய கேஸ்கெட்டோ ஒரு துணுக்கு இருக்கக் கூடாது. விரல் நகத்தால் சுற்றி வந்து பாருங்கள், தட்டக் கூடாது. புது கேஸ்கெட் வைத்து லைனரை இறக்கி, மேலிருந்து அழுத்திப் பிடித்தபடி டயல் கேஜ் வையுங்கள். லைனரின் உதடு ப்ளாக்கின் மேல்மட்டத்தைவிட 3 முதல் 5 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயர்ந்து நிற்க வேண்டும், அதாவது 0.08 முதல் 0.13 மிமீ. ஒவ்வொரு லைனரையும் நாலு இடத்தில் அளங்கள். இந்த உயரத்தைத்தான் ஹெட் நசுக்கிப் பிடிக்கிறது. குறைந்தால் ஹெட் கேஸ்கெட் நிற்காது.

அளந்து முடித்த பிறகு, ஹெட் இல்லாத இன்ஜினில் கிராங்கை (பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டு) திருப்பவே கூடாது. திருப்பியே ஆக வேண்டும் என்றால் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டில் பைப் துண்டும் பெரிய வாஷரும் போட்டு நாலு லைனரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். முதல் தடவை எனக்கு இது தெரியாது. பிஸ்டன் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையில் ஒரே ஒரு சுற்று சுற்றினேன். மூன்றாவது லைனர் பிஸ்டனோடு ஒரு மயிரிழை எழும்பி உட்கார்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்து ஹெட்டைப் பூட்டினேன். தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை சம்ப் நட்டைத் தளர்த்தினால் ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. இரண்டாவது முறை பிரித்தது அதனால்தான்.

இன்ஜினைப் பிரித்து வைத்துவிட்டு முதலில் உடம்பை முடியுங்கள். உடம்பு போனால் இந்தக் காருக்கு இன்னொன்று கிடைக்காது.

ஆர்சி புத்தகம்:

இன்ஜின் பற்றி எனக்குத் தெரியாது. காகிதம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வேலையெல்லாம் முடிந்து ஆர்சியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர் இறந்துவிட்டதால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31இல் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், பிறகு உங்கள் பெயருக்கு. மகன்கள் இப்போது கையெழுத்துப் போடும் மனநிலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். பழைய புத்தக ஆர்சி என்றால் அரசின் 'வாகன்' இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று ஆர்டிஓவில் கேளுங்கள். பதிவைப் புதுப்பிப்பது படிவம் 25இல். வண்டியை நேரில் காட்ட வேண்டும், ஆகவே ஓடும் நிலைக்கு வந்த பிறகுதான். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

வின்டேஜ் பதிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன வண்டிக்குத்தான் அது. உங்களுடையது 2036இல் தான் தகுதி பெறும். டீசல் மாற்றம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்கி, ஆர்சியில் எரிபொருளையும் இன்ஜின் நம்பரையும் மாற்ற வேண்டும். அதற்காகவே நான் வேண்டாம் என்பேன்.

தகடும் தீயும்:

டிங்கரிங் பக்கம் ஒரு வார்த்தை. அந்தக் கதவுக்குக் கீழ்ப் பெட்டியை ஒரேயடியாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். இந்த வகை உடம்பில் பாரத்தைத் தாங்குவதே அதுதான், தனியாக சேஸி கிடையாது. வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றி, முன் தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையில் சதுரக் குழாய் வைத்துக் குறுக்கே வெல்டு அடித்துக்கொள்ளுங்கள். காரை ஜாக்கியில் தொங்கவிடாமல் சக்கரத்துப் பக்கம் நாலு இடத்திலும் தாங்கு கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புதுத் தகட்டைப் புள்ளி வைத்துப் பிடித்ததும் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள், அப்புறம்தான் முழு வெல்டு. இதைச் செய்யாமல் கதவு மூடாத காராக என்னிடம் வந்தவை உண்டு.

முன் கண்ணாடியின் பீடிங்கைக் கழற்றிப் பாருங்கள். எஸ்டி1க்கு அங்கேயும் துரு பிடிக்கும், வெளியே தெரியாது. கண்ணாடியை நீங்களே நெம்பாதீர்கள். பழைய பீடிங்கை வெட்டிப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் காப்பாற்றுங்கள், பீடிங் வாங்கிக்கொள்ளலாம்.

பெருங்களத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் நாலு சிலிண்டர் சார் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "டிராக்டர் இன்ஜினா, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவருடைய அப்பா டிராக்டர் மெக்கானிக்காம். ஹெட்டை அவரேதான் தூக்கினார்.

டீசல் பத்தொன்பது நாள் ஊறியது. கிராங்கைத் திருப்பவில்லை. லைனர்களை அடியிலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தோம். மூன்று நன்றாக இருக்கின்றன. நாலாவதன் வெளிப்புறத்தில் குழி குழியாக அரிப்பு, கீழ்ப்பாதியில் ஒரு விரல் அகலத்துக்கு. நீங்கள் சொன்ன வண்டலும் அங்கேதான் இருந்தது. இந்த லைனரைத் திரும்பப் போடலாமா? மகன்கள் இரண்டு பேரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நாலு சிலிண்டர்:

சந்தோஷம் தம்பி. அந்த அரிப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஒரு ஊக்கின் முனையைக் குழியில் வைத்துப் பாருங்கள். நகக்கண் அளவுக்குக்கூட இறங்கினால் அதைப் போட வேண்டாம், நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் உயரம் பொருந்தாமல் தவிப்பீர்கள்.

லைனரைவிட எனக்குக் கவலை ப்ளாக்கில் அது உட்காரும் படிதான். நாலாவது படியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, டார்ச் அடித்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் கேஸ்கெட் ஆர்டர் போட வேண்டாம்.